லெனேசியாவில் மட்டும் எரிந்த மஞ்சள் விளக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

போன ஜூன் மாதம், இங்கே குளிர்காலம், ஒரு திங்கட்கிழமை காலை. பட்டறையின் இரும்புக் கதவை முழுசாகத் தூக்கி முடிப்பதற்குள் அக்கா காரோடு வாசலில் நின்றார். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. இந்த ஊரில் பேச்செல்லாம் இங்கிலீஷில் ஓடினாலும், மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கும் அக்கா என்னிடம் தமிழை விட்டு இறங்க மாட்டார்.

"தம்பி, இந்த டயர் காத்து விளக்கு என்னைப் பாடாப் படுத்துது. மேலே போனா எரியுது, கீழே வந்தா அணையுது. அங்கே ஒரு கடையில காட்டினேன், நாலு சென்சாரும் போச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. நீங்க பார்த்துச் சொல்லுங்க."

மேலே என்றால் ஜோகன்னஸ்பர்க். மகள் அங்கே படிக்கிறாள். அங்கே லெனேசியா என்ற பகுதியில் சித்தி வீட்டில் தங்கியிருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை மதியம் என்3 நெடுஞ்சாலையில் ஏறி, ஞாயிறு இரவு டர்பன் திரும்புவது அக்காவின் வழக்கம். போக மட்டும் 600 கிலோமீட்டருக்குப் பக்கம். அந்தச் சாலையில் சட்டப்படி 120-இல் போகலாம். எல்லோரும் அந்த வேகத்தில்தான் போகிறார்கள். காற்றுக் குறைந்த டயர் அந்த வேகத்தில் மணிக்கணக்கில் ஓடினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். சூடேறிய டயர் வெடிக்கும். அதனால்தான் இந்த விளக்கை வெறும் தொந்தரவாக நினைத்து யாரும் விட்டுவிடக் கூடாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

புகாரும் முன்கதையும்

கார் 2016 மாடல், சிறிய எஸ்யூவி. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில், குறைந்த சுமைக்கு நான்கு சக்கரத்துக்கும் 220 கிலோபாஸ்கல் என்று போட்டிருக்கிறது. பார் கணக்கில் 2.2, நம் ஊர் பஞ்சர் கடைக் கணக்கில் 32. டயர் குளிர்ந்து கிடக்கும்போது இருக்க வேண்டிய அளவு அது. இனி நான் சொல்லும் எண்ணெல்லாம் கிலோபாஸ்கல்தான்.

டயர் காற்றைக் கண்காணிக்கும் ஏற்பாடு இரண்டு வகை. ஒன்றில் சக்கரத்துக்குள் சென்சாரே கிடையாது. பிரேக்குக்காக இருக்கும் ஏபிஎஸ் சென்சார்களை வைத்து, எந்தச் சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்றுகிறது என்று பார்க்கும். காற்று குறைந்தால் சக்கரத்தின் ஆரம் கொஞ்சம் சுருங்கும், அதனால் சுற்று கூடும். அந்த வகைக் காரில் காற்று சரி செய்த பிறகு, இதுதான் சரியான அளவு என்று பொத்தானை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். அக்காவின் கார் மற்ற வகை. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வோடு சேர்ந்த ஒரு சென்சார். அது அனுப்பும் எண் திரையில் சக்கரம் சக்கரமாகத் தெரியும். பொத்தான் வேலை எதுவும் கிடையாது.

விளக்கு எப்போது எரிந்தது, அதற்கு முன் காரில் என்ன செய்தீர்கள் என்று நாள் வாரியாகக் கேட்டேன். அக்கா காரைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவர். ஊரில் இருக்கும் வாரங்களில் சனிக்கிழமை மதியம் சந்தைக்குப் போய்த் திரும்பும் வழியில் பெட்ரோல் போடுவார். இங்கே பங்கில் நாம் இறங்க வேண்டியதில்லை. பணியாளர் வந்து பெட்ரோல் போடுவார், கண்ணாடி துடைப்பார், கேட்டால் காற்றும் பார்ப்பார். அக்கா தவறாமல் கேட்பார், அவரும் நாலையும் 220-க்குக் கொண்டுவருவார். அடுத்த வெள்ளிக்கிழமை பயணம். வழியில் விளக்கு எரியாது. சனி காலை ஆறு மணிக்கு, கண்ணாடியில் பனி உறைந்து கிடக்கும்போது சாவியைத் திருப்பினால், குதிரை லாடம் மாதிரி வளைவுக்குள் ஆச்சரியக்குறி போட்ட அந்த மஞ்சள் விளக்கு எரியும். அங்கே ஒரு பங்குக்குப் போவார். பணியாளர் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு "கிட்டத்தட்ட ரெண்டு பார் இருக்கு, பயப்பட ஒண்ணுமில்லை" என்று சொல்லி, நாலையும் ஏற்றிவிடுவார். விளக்கு அணையும். டர்பன் திரும்பும்வரை வராது. மூன்று பயணத்திலும் அச்சு மாறாமல் இதேதான்.

மூன்றாவது முறை லெனேசியாவுக்குப் பக்கத்தில் ஒரு கடைக்குப் போயிருக்கிறார். அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒழுங்காகத்தான் அளந்திருக்கிறார்கள். கை கேஜ் காட்டிய எண்ணைவிட காரின் திரையில் நான்கு சக்கரத்துக்கும் 18, 19 குறைவு. நல்ல கேஜ் ஒன்று சொல்கிறது, நாலு சென்சாரும் வேறு சொல்கின்றன. ஆகவே சென்சார்கள் தப்பு என்று முடிவு கட்டிவிட்டார்கள். அளவு சரி. முடிவுதான் தப்பு.

நான் முதலில் தவறவிட்டது

என்னுடைய டிஜிட்டல் கேஜை எடுத்து நாலையும் அளந்தேன். வலது முன் 210, இடது முன் 211, வலது பின் 210, இடது பின் 204. திரையிலும் அதே எண்கள், ஒன்றிரண்டு இப்படி அப்படி. சென்சார்கள் நன்றாக இருக்கின்றன என்று அப்போதே தெரிந்துவிட்டது. சோப்புத் தண்ணீரை வால்விலும் ரிம்மின் வெளி விளிம்பிலும் அடித்து இரண்டு நிமிடம் பார்த்தேன். குமிழி இல்லை. நாலையும் 220-க்கு ஏற்றி, "சென்சார் மாத்த வேண்டாம் அக்கா, குளிர்ல எண் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பினேன்.

மற்ற மூன்றுக்கும் இடது பின் சக்கரத்துக்கும் இடையில் 6 வித்தியாசம் என் கண் முன்னால் இருந்தது. இவ்வளவு சின்ன எண் எதுவும் சொல்லாது என்று விட்டேன். போதாக்குறைக்குக் காற்றை அடித்து அந்த 6-ஐயும் அழித்துவிட்டேன். இரண்டு நாளைக்கு முன்தான் லெனேசியாவில் நாலையும் ஒரே அளவுக்கு ஏற்றியிருந்தார்கள் என்று அக்கா சொல்லியும் இருந்தார். இரண்டு நாளில் ஆறு. அந்தக் கணக்கைப் போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

இரண்டு வாரம் கழித்து சனிக்கிழமை காலை 6.10-க்கு வாட்ஸ்அப்பில் படம் வந்தது. திரையில் இடது பின் 171. மற்றவை 189, 188, 189. மஞ்சள் விளக்கு எரிகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குளிர் நாலு சக்கரத்துக்கும் பொது. மலையேறியதும் நாலுக்கும் பொது. பொதுவான காரணம் நாலையும் ஒரே மாதிரிதான் இறக்கும். ஒன்று மட்டும் 18 குறைந்திருந்தால் அது அந்தச் சக்கரத்தின் சொந்தப் பிரச்னை. உடனே கூப்பிட்டு, "அக்கா, காத்து அடிச்சுக்கோங்க, அடிக்காம வண்டிய எடுக்க வேண்டாம். ஆனா அடிக்கிறதுக்கு முன்னாடி நாலு எண்ணையும் எழுதி வைங்க. இனிமே எப்பவும் அப்படித்தான்" என்றேன்.

ஏனென்றால் மூன்று மாதமாக இந்தக் காரில் நடந்தது அதுதான். வாராவாரம் அக்கா கேட்டு, வாராவாரம் பணியாளர் ஏற்றி, எந்தச் சக்கரம் எவ்வளவு குறைந்திருந்தது என்ற தடயம் வாராவாரம் அழிந்துகொண்டே வந்தது. நல்ல எண்ணத்தோடு செய்த பராமரிப்பே ஒரு கசிவை மறைத்து வைத்திருந்தது.

கசிவு

அந்த வாரம் அக்காவிடம் ஒரு கேஜும் சின்ன நோட்டும் கொடுத்தேன். தினமும் காலையில் காரை எடுக்கும் முன், வெயில் படும் முன், அளந்து எழுத வேண்டும். காற்று அடிக்கக் கூடாது. ஐந்து நாளில் இடது பின் சக்கரம் 220, 217, 214, 211, 207 என்று இறங்கியது. மற்ற மூன்றும் 219-க்கும் 221-க்கும் இடையிலேயே நின்றன. ஒரு நாளைக்கு 3 சுமார். ஆணி ஏறியிருந்தால் பெரும்பாலும் இதைவிட வேகமாக இறங்கும். இவ்வளவு மெதுவான கசிவு என்றால் வால்வு அல்லது ரிம் விளிம்பு என்று எனக்குத் தோன்றியது.

சக்கரத்தைக் கழற்றி, 240-க்கு ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் படுக்கப் போட்டேன். டயரிலும் வால்விலும் ஒட்டிக்கொண்டிருந்த காற்றையெல்லாம் கையால் தடவிவிட்டுத் தண்ணீர் அசையாமல் நிற்கும்வரை பொறுத்திருந்தேன். உள்பக்க விளிம்பில், காருக்கு அடியில் பிரேக்கைப் பார்த்திருக்கும் பக்கம், கடுகு அளவு ஒரு குமிழி மெல்ல உருண்டு மேலே வந்தது. பிறகு ஒன்றுமில்லை. நாலைந்து வினாடி கழித்து அதே இடத்தில் இன்னொன்று. சக்கரம் காரில் மாட்டியிருக்கும்போது அந்தப் பக்கம் கண்ணுக்கே தெரியாது. நான் முதலில் சோப்புத் தண்ணீர் அடித்தது வெளிப்பக்கம் மட்டும்.

டயரை ரிம்மிலிருந்து பிரிக்கும்போது சென்சார் இருக்கும் இடத்தை நினைவில் வைக்க வேண்டும். வால்வுக்கு நேரே உள்ளேதான் அது உட்கார்ந்திருக்கும். மெஷினின் அழுத்தும் பலகை அந்த இடத்தில் இறங்கினால் உடைந்துவிடும். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் அழுத்திப் பிரித்தேன். டயர் உட்காரும் விளிம்பில், கட்டை விரல் நீளத்துக்குப் பெயின்ட் உப்பி, அதன் கீழே அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தது. டர்பன் கடல் காற்றில் பல வருடம் நிற்கும் அலாய் ரிம்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பொடி பூத்த இடத்தில் ரப்பர் சரியாகப் படியாது. அந்த மயிரிழை இடுக்கு போதும்.

இன்னொன்றும் பார்த்தேன், அதுதான் எனக்கு முக்கியம். டார்ச் விளக்கை டயருக்குள் நீட்டி, உள்சுவர் முழுக்க விரலால் தடவினேன். காற்றுக் குறைவாக வெகுதூரம் ஓடிய டயரில் பக்கச் சுவர் உள்ளே உரசி, கறுப்புப் பொடி உதிர்ந்து கிடக்கும். வட்டமாக ஒரு தேய்ந்த கோடும் தெரியும். அப்படியிருந்தால் வெளியே எவ்வளவு புதிதாக இருந்தாலும் அந்த டயரை நான் மாட்டித் தர மாட்டேன். இதில் பொடியும் இல்லை, கோடும் இல்லை. டயரை வைத்துக்கொள்ளலாம்.

விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, நல்ல உலோகம் வரும்வரை சுத்தம் செய்து, விளிம்புக்கான சீலர் பூசி, டயரை மறுபடி ஏற்றினேன். சென்சார் வால்வின் ரப்பர் வளையத்தையும் நட்டையும் உள்ளே இருக்கும் பின்னையும் புதிதாகப் போட்டேன். சாதாரண பித்தளைப் பின்னை அலுமினிய வால்வில் போட்டால் கடலோரக் காற்றில் இரண்டும் ஒன்றையொன்று அரித்துக் கடைசியில் பிடித்துக்கொள்ளும். கழற்றப் போனால் வால்வே முறியும். நிக்கல் பூசிய பின்னைத்தான் போட வேண்டும். விலை வித்தியாசம் மிகக் குறைவு, ஆனால் பல கடைகளில் கைக்கு வந்ததைப் போட்டுவிடுகிறார்கள்.

அப்போது அந்த 18 எங்கிருந்து வந்தது?

கசிவு தீர்ந்தது. ஆனால் லெனேசியாவில் கேஜும் திரையும் ஏன் 18 தள்ளி நின்றன, டர்பனில் ஏன் ஒன்றாக நின்றன என்பதற்குக் கசிவு பதில் சொல்லாது. இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

கை கேஜ் காட்டுவது டயருக்கு உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. கடல் மட்டத்தில் வெளிக்காற்று நம்மை 101 கிலோபாஸ்கல் அளவுக்கு அழுத்துகிறது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். அங்கே அது 83-க்குப் பக்கம்தான். சக்கரத்துக்குள் அடைபட்டிருக்கும் சென்சாருக்கு வெளிக்காற்று தெரியாது. அது உள்ளே இருக்கும் முழு அழுத்தத்தை அளந்து அனுப்புகிறது. அதிலிருந்து எவ்வளவு கழிப்பது என்பதைக் கார் தீர்மானிக்க வேண்டும். சில கார்கள் அந்த இடத்தின் காற்றழுத்தத்தைத் தனியே அறிந்து கழிக்கும். சில, எங்கே போனாலும் கடல் மட்டக் கணக்கையே கழிக்கும். அக்காவின் கார் இரண்டாவது வகை என்று சந்தேகப்பட்டேன்.

அடுத்த பயணத்தில் சோதித்தோம். கேஜையும் திரையையும் ஒரே நிமிடத்தில் பார்த்து எழுத வேண்டும். அப்படிப் பார்த்தால் டயர் சூடா குளிரா என்பது கணக்கைக் கெடுக்காது. டர்பனில் வித்தியாசம் ஒன்று. சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் மூய் ரிவரில் நிறுத்தியபோது 15. வான் ரீனன் கணவாய் ஏறி ஹாரிஸ்மித் தாண்டிய பிறகு 17. லெனேசியாவில் 18. சாலை ஏற ஏற, வித்தியாசமும் கூடவே ஏறியிருக்கிறது. நாலு சென்சார்களும் முதல் நாளிலிருந்து உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

இப்போது முழுக் கணக்கும் சேர்ந்துவிட்டது. ஓடிச் சூடான டயரில் சனிக்கிழமை மதியம் 220 வைத்தால், குளிர்ந்த பின் அது 209 சொச்சம்தான். ஆறு நாள் கசிவில் இடது பின் சக்கரத்துக்கு இன்னும் 18, 19 போகும். டர்பனின் 20 டிகிரியிலிருந்து லெனேசியாவின் 1 டிகிரிக்குப் போனால், பத்து டிகிரிக்கு 10 வீதம் இன்னொரு 20 இறங்கும். கார் கடல் மட்டக் கணக்கைக் கழிப்பதால், மேலே காற்று லேசாக இருப்பதன் லாபம் திரையில் வராது. இந்தக் காரில் விளக்கு எந்த எண்ணில் எரிகிறது என்று பட்டறையில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பார்த்தேன். 180-க்குக் கீழே போனதும் எரிந்தது. மற்ற மூன்று சக்கரங்கள் 189-இல் தப்பின. கசிவு உள்ள சக்கரம் தப்பவில்லை. கசிவு மட்டும் இருந்தாலோ குளிர் மட்டும் இருந்தாலோ விளக்கு எரிந்திருக்காது.

டர்பன் திரும்பும்போது ஏன் ஒன்றுமே தெரியவில்லை என்றும் அக்கா கேட்டார். லெனேசியாவில் குளிர்ந்த காலையில் கேஜ் வைத்து 220 ஏற்றிக் கீழே வந்தால், வெளிக்காற்று கனப்பதால் கேஜில் 18 குறைய வேண்டும். டர்பனின் வெதுவெதுப்பு ஏறக்குறைய அதே அளவைத் திருப்பிக் கொடுத்துவிடும். குளிர்காலத்தில் இரண்டும் சமன் ஆகிவிடுகின்றன. கோடையில் மேலேயும் கீழேயும் வெப்பம் அவ்வளவு மாறாது, அதனால் ஜோகன்னஸ்பர்க்கில் ஏற்றிய காற்றோடு டர்பன் வருகிறவர்கள் மறுநாள் காலை ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

இந்தப் பயணத்துக்கு நான் சொன்ன வழி இது: வெள்ளிக்கிழமை காலை, கார் அசையும் முன், நாலையும் 235-க்கு ஏற்ற வேண்டும். இந்தக் கார் முழுச் சுமைக்கு இதைவிட அதிகம் கேட்கிறது, ஆகவே 15 கூடுதலில் பயமில்லை. வழியில் நிறுத்தும்போது டயர் சூடாகி எண் 260 காட்டினாலும் காற்றை இறக்கக் கூடாது. சூட்டில் ஏறுவது இயல்பு; இறக்கிவிட்டால் மறுநாள் காலை விளக்கு எரியும்.

ஆகஸ்டில் வந்த வேறு விளக்கு

ஆகஸ்ட் மாதம் அதே விளக்கு மறுபடி வந்தது, ஆனால் வேறு மாதிரி. சாவியைத் திருப்பியதும் ஒரு நிமிடத்துக்கு மேல் மினுக்கிவிட்டு, அப்புறம் நிலையாக எரிந்தது. வலது முன் சக்கரத்தின் எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. மினுக்கினால் காற்றுப் பிரச்னை அல்ல, சென்சாரோ அதன் பேச்சைக் கேட்கும் பகுதியோ வேலை செய்யவில்லை என்று பொருள். முதலில் குளிர்ந்த காலைகளில் மட்டும் வந்து, வெயில் ஏறியதும் போனது. பேட்டரி தீரும் அறிகுறி அது. இந்த பேட்டரியைத் தனியே மாற்ற முடியாது. சென்சாருக்குள் வைத்து மூடிவிடுவார்கள். ஐந்திலிருந்து பத்து வருடம் வரும், இந்தக் காருக்கு அந்த வயது வந்துவிட்டது.

அக்காவின் தம்பி மகன் ஆன்லைனில் மலிவாக ஒரு சென்சார் வாங்கிக் கொடுத்தான். சென்சாரைச் சோதிக்கும் கருவியை வைத்து எழுப்பினால் பதில் சொன்னது, கார் மட்டும் கேட்கவில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 315 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்க வண்டிகளுக்கானது. இங்கே விற்ற இந்தக் கார் கேட்பது 433. சரியானதை வாங்கி மாட்டி, புதிய அடையாள எண்ணைக் காருக்குச் சொல்லிக்கொடுத்ததும் தீர்ந்தது. மற்ற மூன்று சென்சார்களின் பேட்டரியும் கருவியில் நன்றாகவே காட்டின, அவற்றைத் தொடவில்லை. அடுத்த டயர் மாற்றும்போது, எப்படியும் டயர் கழன்றிருக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கடைசிப் பயணத்தின் பக்கத்தை அக்கா படம் எடுத்து அனுப்பினார். லெனேசியா, காலை 6 மணி, கண்ணாடியில் பனி. கேஜில் 231, 230, 231, 231. திரையில் நாலுக்கும் 213. விளக்கு இல்லை. அதற்குக் கீழே அவராகவே ஐந்தாவது வரி ஒன்று போட்டிருந்தார்: ஸ்டெப்னி 160. பக்கத்தில், "இன்னும் காற்று அடிக்கவில்லை."